அகராதிப் பணியும் ஐயமும்: ரேமண்ட் ஃபிரான்ஸ் வரலாற்றில் சொற்பொருளின் பங்கு

ஒரு சமய அமைப்பிலிருந்து அதன் உறுப்பினர் விலகுவதற்குரிய காரணங்களாகச் சமூகவியலார் பலவற்றைச் சுட்டுவர். தலைமையோடு ஏற்படும் பிணக்கு, குடும்பச் சூழல், நிறைவேறாத முன்னறிவிப்பு ஆகியன அவற்றுள் அடிக்கடி பேசப்படுபவை. அகராதி எழுதப் பணிக்கப்பட்ட ஒருவர், அப்பணியின் வழியே, தம்மைப் பணித்த அமைப்பின் மீதே நம்பிக்கை தளர்ந்தார் என்பது அரிதாகக் கேட்கப்படும் செய்தி. யெகோவாவின் சாட்சிகள் அமைப்பின் புரூக்ளின் தலைமையகத்தில் 1965 முதல் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றி, அவற்றுள் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அதன் ஆளும் குழுவில் உறுப்பினராக இருந்து, 1980இல் வெளியேறிய ரேமண்ட் விக்டர் ஃபிரான்சின் (1922-2010) வரலாறு அத்தகையது. சமய வரலாற்றாசிரியர்கள் இதனைப் பலமுறை எடுத்துக் கூறியுள்ளனர். மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இதனைத் தம் துறைக்குரிய செய்தியாகக் கருதியதாகத் தெரியவில்லை. எனினும் இவ்வரலாற்றின் திருப்பங்கள் பெரும்பாலானவை ஒரு சொல்லின் பொருளையோ, ஒரு வேற்றுமை உருபினையோ, ஒரு வழக்குச் சொல்லின் எல்லையையோ சார்ந்தே நிகழ்ந்துள்ளன.

ரேமண்ட் தம் அனுபவங்களை ‘மனச்சான்றின் நெருக்கடி’ எனப் பொருள்படும் தலைப்புடைய நூலில் 1983இல் வெளியிட்டார். விலகியவர் கூற்றை அப்படியே ஏற்றல் கூடாது என்பது பிரையன் வில்சன் போன்ற சமயச் சமூகவியலார் வற்புறுத்திய கருத்து, அது தக்கதே. ஆயினும் இந்நூல் சினமின்றி எழுதப்பட்டது. கடிதங்களும் அலுவலக ஆவணங்களும் படிகளாகவே அதில் இணைக்கப்பட்டுள்ளன. தம் பிழைகளை ஆசிரியர் மறைக்கவில்லை என்பதும் அதன் நம்பகத்தன்மைக்குச் சான்றாகும். உட்கூட்டங்களில் நிகழ்ந்தனவாகக் கீழே கூறப்படுபவை அந்நூலின் வழியே அறியப்படுபவை.

சொல்லில் தோன்றிய இயக்கம்

இவ்வியக்கத்தின் தொடக்கமே ஒரு கிரேக்கச் சொல்லோடு பிணைந்தது. அமெரிக்காவில் நெல்சன் பார்பர் என்பவரும் அவர்தம் குழுவினரும் 1874இல் கிறித்துவின் மறுவருகை நிகழும் என எதிர்பார்த்திருந்தனர். ஆண்டு கடந்தது, எவரும் எதனையும் காணவில்லை. அந்நிலையில் அக்குழுவினர் ஒருவர் பெஞ்சமின் வில்சனின் வரியிடை மொழிபெயர்ப்பினைப் (1864) புரட்டுகையில், ஆங்கிலப் பதிப்புகள் ‘வருகை’ எனத் தந்திருந்த ‘பரூசியா’ என்னும் சொல்லுக்கு அதில் ‘உடனிருத்தல்’ எனப் பொருள் தரப்பட்டிருப்பதைக் கண்டார். வருகை என்பது கண்ணாற் காண வேண்டிய நிகழ்ச்சி. உடனிருத்தல் கண்ணுக்குப் புலப்படாமலும் அமையலாம். எனவே ஆண்டு பிழையன்று, எதிர்பார்த்த முறையே பிழை என்னும் விளக்கம் பிறந்தது. 1876இல் பார்பரைச் சந்தித்த சார்லஸ் டேஸ் ரசல் இவ்விளக்கத்தை ஏற்றார். 1879 சூலையில் அவர் தொடங்கிய காவற்கோபுரம் இதழின் முழுப் பெயரிலேயே கிறித்துவின் உடனிருத்தலை அறிவிப்பது என்னும் தொடர் இடம்பெற்றது; 1939 வரை அது நீடித்தது.

இவ்விளக்கத்தை வெறும் சூழ்ச்சி எனத் தள்ளிவிடுதல் மொழியியலார்க்கு முறையன்று. ‘பரூசியா’ என்னும் சொல் ‘உடனிருத்தல்’ என்னும் பொருளில் கிரேக்கத்தில் ஆளப்பட்டதே. பிலிப்பியர் திருமுகத்தில் அது ‘இன்மை’ என்னும் சொல்லுக்கு எதிர்ச்சொல்லாகவே வருகிறது. மறுபுறம், மன்னர் ஓர் ஊருக்கு எழுந்தருளும் நிகழ்ச்சியைக் குறிக்கும் கலைச்சொல்லாகவும் அது பாப்பிரசு ஏடுகளில் வழங்கியமையை அடால்ஃப் டைஸ்மான் 1908இல் விரிவாகக் காட்டினார். ஒரு சொல்லின் பல பொருள்களுள் எது ஓரிடத்துக்குப் பொருந்தும் என்பதைச் சூழல் தீர்மானிக்கும். இங்கோ நாட்காட்டி தீர்மானித்தது. பின்னர் 1874 என்பது கைவிடப்பட்டு 1914 அவ்விடத்தைப் பெற்றபோதும் ‘உடனிருத்தல்’ என்னும் பொருள் மாறவில்லை.

1931இல் யெகோவாவின் சாட்சிகள் என்னும் பெயரைப் பெற்ற இவ்வமைப்பு 1950 ஆகஸ்டில் புதிய ஏற்பாட்டைத் தன் சொந்த மொழிபெயர்ப்பில் வெளியிட்டது. பழைய ஏற்பாடு 1953 முதல் 1960 வரை ஐந்து தொகுதிகளாக வந்தது. 1961இல் முழுநூல் வெளியாயிற்று. மொழிபெயர்ப்பாளர் பெயர்கள் வெளியிடப்படவில்லை. புகழ் கடவுளுக்கே உரியது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். குழுவில் இருந்தோரை ரேமண்டின் நூல் பெயர் சுட்டிக் கூறுகிறது. அவர்களுள் விவிலிய மொழிகளில் பயிற்சி உடையவர் ரேமண்டின் சிறிய தந்தையார் பிரெட் ஃபிரான்ஸ் ஒருவரே. அவர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் பயின்று பட்டம் பெறாமல் வெளியேறியவர், எபிரேயத்தைத் தாமே கற்றவர் என்பது அந்நூலின் செய்தி. 1954இல் எடின்பரோ நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்த பிரெட், ஆதியாகமத்தின் ஒரு வசனத்தை எபிரேயத்தில் பெயர்க்குமாறு கேட்கப்பட்டபோது மறுத்ததை எதிர்ப்பாளர் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். ஆங்கிலத்திலிருந்து எபிரேயத்துக்கு உடனடியாகப் பெயர்த்தல் எப்புலவர்க்கும் எளிதன்றாகலின், அம்மறுப்பு ஒன்றையும் மெய்ப்பிக்கவில்லை எனலாம்.

கடவுளின் பெயர், சபை, ஊழியம் போன்ற சொற்களுக்கு எதனைத் தேர்வது என்னும் பூசல் எந்த மொழியிலும் உண்டு. தமிழில் கத்தோலிக்கரின் ‘சருவேசுரன்’, ஃபப்ரீசியசின் ‘பராபரன்’, ஹென்றி பவர் பதிப்பின் ‘தேவன்’ ஆகியவற்றிடையே நிகழ்ந்த வாதங்கள் மொழிபெயர்ப்பு வரலாறு கற்றோர் நன்கறிந்தவை. அவ்வாதங்கள் பெயருடைய மனிதரிடையே, அச்சில், பிறர் காண நிகழ்ந்தன. புரூக்ளினில் பெயரின்மை அவ்வாய்ப்பினை அடைத்தது. மொழிபெயர்ப்பு இன்னார் கருத்து என்னும் நிலையிலிருந்து அமைப்பின் குரல் என்னும் நிலைக்கு உயர்ந்தது.

அகராதிப் பணி

ரேமண்ட் 1938 முதல் இவ்வியக்கத்தில் இருந்தவர். 1940இல் முழுநேர ஊழியம் ஏற்று, 1944இல் ஊழியர் பயிற்சிப் பள்ளியில் தேர்ந்து, போர்ட்டோ ரிக்கோவிலும், துருகியோவின் சர்வாதிகார ஆட்சியில் இயக்கம் தடைசெய்யப்பட்டிருந்த டொமினிக்கன் குடியரசிலும் பணியாற்றியவர். தலைமையகத்தின் எழுத்துத் துறைக்கு 1965இல் அழைக்கப்பட்டார். அங்கு அவருக்கு அளிக்கப்பட்ட பணி, விவிலியச் சொற்களுக்கும் பெயர்களுக்குமான பேரகராதி ஒன்றனை ஆக்குவது. சிலர் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உழைத்தனர். முதற்பகுதி 1969இலும், 1,696 பக்கங்கள் கொண்ட முழுநூல் 1971இலும் வெளிவந்தன.

இப்பணியில் அவர்கள் மேற்கொண்ட முறை எந்த அகராதியாளர்க்கும் இயல்பானதே. ஒரு சொல் வருமிடங்களையெல்லாம் தொகுத்து, ஒவ்வோரிடத்தும் சூழலை நோக்கி, அதன் பின்னரே பொருள் வரையறுத்தல். ஆனால் அவ்வமைப்பில் இது புதுமை. அதுவரை ஒரு சொல்லின் பொருளை அறிய வேண்டின் அமைப்பின் முந்தைய வெளியீடுகளைப் பார்ப்பதே வழக்கமாயிருந்தது. வெளியீடுகளைச் சான்றாகக் கொள்ளாமல் மூலத்தைச் சான்றாகக் கொள்ளும்போது இரண்டும் மாறுபடும் இடங்கள் தாமே வெளிப்படும். அகராதியாளர் அவற்றைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை.

முதலில் எதிர்ப்பட்டது ‘பிரெஸ்பிட்டெரோஸ்’ என்னும் சொல். ‘மூத்தவர்’ என்னும் ஒப்பீட்டுப் பெயரடையான இது, சபையில் பொறுப்பு வகித்தோரையும் குறித்தது. ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இவ்விரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ‘வயதில் மூத்தவர்’ என்றால் பதவி மறையும், பதவிப் பெயரிட்டால் வயது பின்னிற்கும். தமிழில் ‘மூப்பர்’ என்னும் ஒரு சொல்லே இரண்டையும் தாங்குகிறது. இவ்வகையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பேறு பெற்றவர் எனலாம். 1950ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ‘வயதில் மூத்தவர்’ என்பதையே தேர்ந்தது. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சபைகளில் மூப்பரைத் தேர்ந்தெடுக்கும் முறை 1932இல் ஒழிக்கப்பட்டு, 1938 முதல் எல்லா நியமனமும் தலைமையகத்தின் வழியே நடந்துவந்தது. ஒரு சபைக்கு ஒரு மேற்பார்வையாளர்; அவரை நியமிப்பது புரூக்ளின். இல்லாத பதவிக்கு மொழிபெயர்ப்பில் பெயர் எதற்கு?

மூலத்தில் வருமிடங்களைத் தொகுத்து நோக்கிய ரேமண்ட், தொடக்ககாலச் சபை ஒவ்வொன்றிலும் மூப்பர் பலர் கூடிப் பொறுப்பேற்றிருந்தனர் என்னும் முடிவுக்கு வந்தார். அம்முடிவு அகராதியில் இடம்பெற்றது. தலைமையும் அதனை ஏற்றது. 1972இல் உலகெங்கும் சபைகளில் மூப்பர் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஓர் அகராதிப் பதிவு நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் ஓர் அமைப்பின் நிர்வாகத்தை மாற்றியமைக்கக் காரணமாயிற்று என்பது அகராதியியல் வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி. பேச்சு வழக்கில் பதவிப் பெயர் நிலைத்துவிட்ட பின்னும் மொழிபெயர்ப்பில் ‘வயதில் மூத்தவர்’ என்பது நாற்பத்தோராண்டு தொடர்ந்தது. 2013ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பிலேயே அது நீங்கியது.

அப்போது ரேமண்டின் நம்பிக்கை குலையவில்லை, மாறாக வலுப்பட்டது. சான்று காட்டினால் அமைப்பு தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1971 அக்டோபரில் அவர் ஆளும் குழுவின் உறுப்பினராக்கப்பட்டார்.

இருபது ஆண்டும் ஓர் உருபும்

அகராதியின் ‘காலவரிசை’ என்னும் பதிவும் ரேமண்டிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவ்வமைப்பின் போதனைக்கு 1914 என்னும் ஆண்டு அச்சாணி போன்றது. எருசலேம் கி.மு. 607இல் பாபிலோனியரால் அழிக்கப்பட்டது, தானியேல் நூல் கூறும் ‘ஏழு காலங்கள்’ காலம் ஒன்றுக்கு 360 என 2,520 ஆண்டுகள், கி.மு. 607இலிருந்து, சுழிய ஆண்டு இல்லாமையால், அவை 1914இல் முடியும். அவ்வாண்டே கிறித்து விண்ணில் ஆட்சியேற்றார் என்பது கணக்கு. இக்கணக்கின் மேல்தான் அமைப்பின் அதிகாரமும் நின்றது. ஆட்சியேற்ற கிறித்து தம் ஊழியரை ஆராய்ந்து தங்களையே தேர்ந்தார் என்பது அதன் உரிமைக்கோரிக்கை.

கி.மு. 607க்கு வரலாற்றுச் சான்று தேடப் புகுந்த ரேமண்ட் ஒன்றும் பெறவில்லை. எருசலேம் வீழ்ந்தது கி.மு. 587 அல்லது 586 என்பதற்கோ சான்றுகள் பலவாக இருந்தன. பெரோசஸ், தாலமி ஆகியோரின் அரசர் பட்டியல்கள், நபோனிடஸ் காலத்து ஹரான் கல்வெட்டு, ஆட்சியாண்டு பொறித்த ஆயிரக்கணக்கான வணிகக் களிமண் ஏடுகள் ஆகியன தம்முள் ஒத்துச் சென்றன. இவற்றுக்கு மேலாக, நேபுகாத்நேசாரின் 37ஆம் ஆட்சியாண்டுக்குரிய வானியல் குறிப்பேடு ஒன்று பெர்லினில் உள்ளது. 1915இல் பதிப்பிக்கப்பெற்ற அது, கோள்களும் நிலவும் நின்ற நிலைகளைக் கொண்டு அவ்வாண்டினைக் கி.மு. 568/567 எனக் காட்டுகிறது. ரேமண்ட் தம் உதவியாளருடன் பிராவிடன்சு நகரிலுள்ள பிரவுன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று ஆப்பெழுத்து ஏடுகளில் வல்லுநரான ஆபிரகாம் சாக்ஸ் என்பாரிடம் நேரில் உசாவினார். அந்த வானியல் சான்றினைப் பிழை எனக் கொள்வதற்கு வழி ஏதும் உண்டா என்பதே அவர் அறிய விரும்பியது. வழி இல்லை எனத் தெளிந்து திரும்பினார்.

திரும்பியவர் எழுதிய பதிவு, 607ஐ நிலைநாட்டவும் எதிர்ச்சான்றுகளில் ஐயம் எழுப்பவுமே முயன்றது. தாம் நீதிபதிபோல் சான்றினை எடைபோடாமல், கட்சிக்காரரைக் காக்கும் வழக்கறிஞர்போல் எழுதியதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். நூலின் மிகவும் நெஞ்சை உறுத்தும் பகுதி இதுவே எனலாம். ஆய்வு நேர்மை உடைய ஒருவர், எவரும் கட்டாயப்படுத்தாத நிலையில், தாம் கண்டதைத் தாமே மறைத்தார். கட்டுப்பாடு மிகுந்த அமைப்புகளில் வெளியிலிருந்து வரும் தடையைவிட உள்ளிருந்து எழும் தடை எவ்வளவு வலிது என்பதை இந்த ஒரு பதிவு புலப்படுத்துகிறது.

இக்காலக் கணக்கின் மற்றொரு தூண் மொழியியலாரின் கவனத்துக்கு உரியது. எரேமியா 29:10இல் எழுபது ஆண்டுகள் பற்றிய குறிப்பு வருகிறது. அங்குப் பாபிலோன் என்னும் பெயரோடு எபிரேய முன்னொட்டான ‘லெ’ சேர்ந்துள்ளது. இது பெரும்பாலும் தமிழின் நான்காம் வேற்றுமைக்கு இணையானது. ‘பாபிலோனுக்கு’ எழுபது ஆண்டுகள் எனக் கொண்டால், அவை பாபிலோனியப் பேரரசின் மேலாட்சிக் காலத்தைக் குறிக்கும். எருசலேமின் அழிவுக்கு முன்பே அவை தொடங்கியிருக்கலாம். ‘பாபிலோனில்’ என ஏழாம் வேற்றுமையாக்கினால், அவை யூதர் அங்குச் சிறையிருந்த ஆண்டுகளாகும். அப்போது அழிவினை இருபது ஆண்டுகள் முன்தள்ள வேண்டும். அமைப்பின் மொழிபெயர்ப்பு ஏழாம் வேற்றுமையைக் கொண்டது. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் அதனை விடவில்லை. 1611ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்பும் அவ்வாறே கொண்டதாகலின் அதனைப் புதிய புனைவு எனக் கூற இயலாது. ஆயினும் இக்கால ஆங்கில மொழிபெயர்ப்புகளுள் பல நான்காம் வேற்றுமைப் பொருளையே தருகின்றன. சுவீடனைச் சேர்ந்த மூப்பர் கார்ல் ஓலோஃப் யோன்சன் இவ்வுருபு உட்படச் சான்றுகள் அனைத்தையும் தொகுத்து 1977இல் புரூக்ளினுக்கு ஒரு கையெழுத்துப்படி அனுப்பினார். 1982இல் அவர் சபைநீக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு அவர் ஆய்வு நூலாக வெளிவந்தது. நான்காம் வேற்றுமை சரியெனில் 2,520 ஆண்டுக் கணக்கு 1934இல் முடியும். அவ்வாண்டுக்கு எச்சிறப்பும் இல்லை.

ஒரே செயல், இரு பெயர்

ராபர்ட் லிஃப்டன் 1961இல் வெளியிட்ட ஆய்வில், சீனாவில் சிந்தனைச் சீர்திருத்தத்துக்கு உட்படுத்தப்பட்டோரை ஆராய்ந்து, முழுமைக் கட்டுப்பாட்டின் எட்டு இயல்புகளுள் ஒன்றாகச் சொற்களுக்குச் சுமையேற்றுதலைக் குறிப்பிட்டார். சிக்கலான சிந்தனையை முடித்துவைக்கும் சுருக்கச் சொற்கள் அவை. இவ்வமைப்பில் ‘சத்தியம்’ என்பது உண்மையை மட்டும் குறிப்பதில்லை, அமைப்பினையே குறிக்கும். ஒருவர் ‘சத்தியத்தில் இருக்கிறார்’ அல்லது ‘சத்தியத்தை விட்டுப் போனார்’. போதனை மாறினால் அது முன்னைய பிழை எனப்படுவதில்லை. ‘புதிய ஒளி’ எனப்படும். இச்சொற்களைக் கொண்டு அமைப்பு பிழை செய்தது என ஒரு வாக்கியம் அமைப்பதே அரிது. லிஃப்டனின் கருத்தை மொழியியலார் சற்று எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். குழூஉக்குறி இல்லாத குழுவே இல்லை. குழூஉக்குறி ஒருவர் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் சட்டமாகும் இடமே இங்கு நோக்கத்தக்கது.

ஆளும் குழுவில் ரேமண்ட் கண்டது அதனையே. மெக்சிகோவில் சமய அமைப்புகளுக்கு இருந்த சட்டத் தடைகள் காரணமாக, இவ்வியக்கம் 1989 வரை அங்குப் பண்பாட்டுக் கழகமாகப் பதிவு பெற்றிருந்தது. எனவே கூட்டங்களில் பாடலும் வாய்விட்டுச் செய்யும் மன்றாட்டும் இல்லை. சபையைச் ‘சபை’ என்றழைப்பதில்லை. திருமுழுக்குக்கு ‘அடையாளம்’ எனப் பெயர். செயல் ஒன்றே, பெயர் வேறு. சட்டத்தின் முன் பெயரை மாற்றிக்கொள்வது உலக வழக்கில் பெருங்குற்றமாகக் கருதப்படாது. ஆனால் அதே காலத்தில் மலாவியில் நிகழ்ந்தது வேறு. அங்கு ஆளுங்கட்சியின் உறுப்பினர் அட்டையை வாங்குவது அரசியல் நடுநிலைக்கு மாறானது எனக் கருதி, சாட்சிகள் அதனை வாங்க மறுத்தனர். 1967இல் இயக்கம் தடைசெய்யப்பட்டது. வீடுகள் எரிக்கப்பட்டன, மக்கள் அடித்துத் துன்புறுத்தப்பட்டனர், 1972இல் ஆயிரக்கணக்கானோர் சாம்பியாவுக்கும் மொசாம்பிக்குக்கும் தப்பியோடினர். அட்டை வாங்குதல் கொள்கைக்கு முரண் என்பதில் தலைமையகம் உறுதியாக நின்றது. மெக்சிகோவிலோ, இளைஞர் சிலர் இராணுவப் பயிற்சி முடித்ததாகக் காட்டும் சான்றினை அலுவலர்க்குக் கையூட்டு அளித்துப் பெற்றுவந்தனர். அது பற்றிக் கிளை அலுவலகம் கேட்டபோது, அவரவர் மனச்சான்றுக்கு விட்டுவிடலாம் என 1960, 1969 ஆகிய ஆண்டுகளில் புரூக்ளினிலிருந்து மறுமொழி சென்றதை ரேமண்ட் ஆவணங்களோடு காட்டுகிறார். ஓரிடத்தில் ‘மனச்சான்று’ என்னும் சொல் கிடைத்தது, மற்றோரிடத்தில் கிடைக்கவில்லை.

இராணுவப் பணிக்கு மாற்றாக மருத்துவமனை போன்ற இடங்களில் பணியாற்றுவது பற்றிய விதி இன்னும் நுண்ணியது. அப்பணியை அரசு அலுவலகம் கட்டளையிட்டால் ஏற்றல் கூடாது. அதே பணியை நீதிமன்றம் தண்டனையாக விதித்தால் ஏற்கலாம். ‘ஆணை’, ‘தண்டனை’ என்னும் இரு சொற்களிடையே இருந்த இடைவெளியில் பல நாட்டு இளைஞர் சிறை சென்றனர். 1978இல் இது விவாதத்துக்கு வந்தபோது ஆளும் குழுவில் பெரும்பான்மையோர் விதியை மாற்ற விரும்பினர். மூன்றில் இரு பங்கு வாக்கு சேரவில்லை. விதி தொடர்ந்தது. 1996இல் அது மாறியது. மாற்றத்தை விரும்பியோர் மிகுதியாக இருந்தும், அறிவிக்கப்பட்டதோ அமைப்பின் ஒருமித்த குரல் என்பதை ரேமண்ட் மறக்கவில்லை.

இவ்விடத்து ஓர் இந்தியச் செய்தியை நினைவுகூர்தல் பொருந்தும். கேரளத்தில் இவ்வியக்கத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் ஒலிக்கையில் மரியாதையுடன் எழுந்து நின்றும் அதனைப் பாடாமையால், 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். உச்ச நீதிமன்றம் 1986இல் அந்நீக்கத்தைச் செல்லாதென அறிவித்தது, நீதியரசர் ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய அத்தீர்ப்பு மனச்சான்று உரிமை பற்றிப் பேசுவோர் இன்றும் எடுத்துக்காட்டுவது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் 1943இல் இவ்வியக்கத்தாரே கொடிவணக்கம் பற்றிய வழக்கில் அத்தகைய தீர்ப்பினைப் பெற்றனர். நாடுகளின் சட்டத்தில் மனச்சான்றுக்கு இடம் பெற்றுத்தந்த இயக்கம் என்னும் சிறப்பினை எவரும் மறுக்க இயலாது.

‘துரோகம்’ என்னும் சொல்லின் எல்லை

1980இன் தொடக்கத்தில் ரேமண்ட் விடுப்பில் அலபாமா மாநிலத்தில் இருந்தபோது தலைமையகத்தில் விசாரணைகள் தொடங்கின. ஊழியர் சிலர் தனிப்பட்ட முறையில் விவிலியம் பற்றி உரையாடியதே குற்றம். அவர்களுள் பலர் சபைநீக்கம் செய்யப்பட்டனர். அகராதிப் பணியில் ரேமண்டோடு உழைத்த முதியவர் ஒருவரும் அவர்களுள் அடங்குவர். மே 21ஆம் நாள் ஆளும் குழு ரேமண்டை நெடுநேரம் வினவியது. மறுநாள் அவர் பதவி விலகினார். அவருக்கு அப்போது வயது 58. நாற்பது ஆண்டுகள் முழுநேர ஊழியத்தில் கழிந்திருந்தமையால் சேமிப்போ ஓய்வூதியமோ இல்லை. அலபாமாவில் இயக்கத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவரின் நிலத்தில் தங்கிக் கூலிவேலை செய்யலானார். உறுப்பினராக மட்டும் நீடித்தார்.

1980 செப்டம்பர் முதல் நாளிட்ட ஒரு சுற்றறிக்கை வட்டாரக் கண்காணிப்பாளர்க்கு அனுப்பப்பட்டது. மாறுபட்ட கருத்தினைப் பரப்பினால்தான் ஒருவர் விசுவாச துரோகி என்பதில்லை; அமைப்பின் போதனையை உள்ளத்தில் ஏற்காது வேறொன்றை நம்பினாலே போதும் என்பது அதன் சாரம். கிரேக்க ‘அபோஸ்டசியா’ விலகி நிற்றலையும் கிளர்ச்சி செய்தலையும் குறிக்கும். அது புறத்தே நிகழும் ஒரு செயலின் பெயர். இச்சுற்றறிக்கையில் அது மனநிலையின் பெயராயிற்று. ‘துரோகம்’ என்னும் வடசொல்லிலும் தீங்கிழைக்கும் செயலே அடிப்படைப் பொருள் என்பதைத் தமிழில் இதனைப் பெயர்ப்போர் கருதலாம். செயலைச் சாட்சிகளால் மெய்ப்பிக்கவோ மறுக்கவோ இயலும். மனநிலையை வினவி வினவியே வெளிக்கொணர வேண்டும். விடையளிக்க மறுத்தலும் விடையாகவே கொள்ளப்படும்.

மற்றொரு சொல்லின் எல்லையும் விரைவில் மாறியது. தாமாகவே கடிதம் எழுதி விலகியவர்கள் சபைநீக்கம் செய்யப்பட்டவர்களுக்கு நிகராகவே நடத்தப்பட வேண்டும் எனக் காவற்கோபுரம் இதழ் 1981 செப்டம்பர் 15ஆம் நாள் வெளியிட்டது. ரேமண்டுக்கு வேலையும் இடமும் தந்த நண்பர் அவ்வாண்டு விலகியிருந்தார். அவரோடு ஓர் உணவகத்தில் அமர்ந்து ரேமண்ட் உண்டதைக் கண்டவர்கள் முறையிட்டனர். 1981 நவம்பரில் ரேமண்ட் சபைநீக்கம் செய்யப்பட்டார். குற்றச்சாட்டில் 607 பற்றியோ மெக்சிகோ பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. உணவு ஒன்றே இருந்தது.

அவர் ஆக்கிய அகராதி வேறொரு பெயரில் இரு தொகுதிகளாகத் திருத்தப்பெற்று 1988இல் வெளியிடப்பட்டது. ரேமண்டின் இரண்டாம் பெருநூல் 1991இல் வந்தது. 2010 சூனில் அவர் மறைந்தார்.

2024 ஆகஸ்டில் அவ்வமைப்பு ‘சபைநீக்கம் செய்யப்பட்டவர்’ எனப் பொருள்படும் தன் பழைய ஆங்கிலச் சொல்லைக் கைவிட்டு, ‘சபையிலிருந்து அகற்றப்பட்டவர்’ என்னும் பொருளுடைய தொடரை மேற்கொண்டது. அத்தகையோரைக் கூட்டத்துக்கு அழைக்கலாம், அங்கு வந்தால் சுருக்கமாக வரவேற்கலாம் என்னும் தளர்வும் உடன் வந்தது. விசுவாச துரோகி எனக் கருதப்படுவோர்க்கு அத்தளர்வு பொருந்தாது என அவ்வறிவிப்பே விலக்குக் கூறியது.